பையா, கிண்ணமா

என் நாத்தனார் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் சமையலறை மேடையில் வைத்த அந்த மத்தியானத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு எரிகிறது. முன்பென்றால் "நாத்தனார் வைத்தார்" என்றுதான் சொல்லியிருப்பேன். வீட்டுக்காரரின் அக்கா ஆயிற்றே, மரியாதை உண்டு. இப்போது அவள் என்றே சொல்கிறேன். வீட்டுக்காரரை மட்டும் ஏன் இன்னும் "அவர்" என்கிறாய் என்று கேட்டால் அது பழக்கதோஷம், வேறொன்றுமில்லை. நாக்கில் ஒட்டிக்கொண்டது போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. மனதில் ஒன்றும் மிச்சமில்லை.

அவள் பெண்களுக்கான ஒரு கிளினிக்கில் நர்ஸ். ஊசி போடுவது பாதி வேலை. மீதிப் பாதி, வருகிற பெண்களை உட்காரவைத்து, குழந்தை வேண்டாமென்றால் என்ன செய்வது, சீக்கு ஒட்டாமலிருக்க என்ன செய்வது என்று பாடம் நடத்துவது. வாயைத் திறந்தால் கூச்சநாச்சமே கிடையாது. கல்யாணமான புதிதில் அவள் பேச ஆரம்பித்தாலே நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவேன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட எனக்குக் கிடைத்தவள் இவள்தான். இரண்டு பிரசவத்திலும் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவதோடு போதும் என்று நான் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டபோது வீட்டுக்காரர் வெளியூரில். தலைவாரிவிட்டு, மாத்திரை எடுத்துக் கொடுத்து, குழந்தைகளைக் குளிப்பாட்டி, எல்லாம் அவள்தான்.

நான் மழைக்கோட்டுத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். தையலுக்கு மேல் பட்டை ஒட்டி வருகிற கோட்டுகளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும்; பிறகு தண்ணீர் அழுத்தத்தில் வைத்து ஒழுகுகிறதா என்று சொல்ல வேண்டும். ஒழுகினால் சிவப்புச் சாக்கட்டியால் பெருக்கல் குறி. சூப்பர்வைசர் வந்து, "ஒரு சொட்டுதானேம்மா, பாஸ் போட்டுடேன்" என்று குழைவார். போடமாட்டேன். அதனால் அங்கே எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். நாத்தனார் அதைச் சுருக்கி வெறும் பூதம் ஆக்கிவிட்டாள். அவள் கூப்பிட்டால் அது செல்லமாகத்தான் இருந்தது.

"ஏய் பூதம், உனக்கு ஒரு வேலை கொண்டு வந்திருக்கேன்," என்று சொல்லித் துணிப்பையைக் கவிழ்த்தாள்.

இரண்டு விதமான சாமான்கள் விழுந்தன. ஒன்று, வழவழவென்று மெல்லிய நீளமான பை, ஒவ்வொன்றும் தனித்தனி உறையில். பைக்குள் ஒரு வளையம், வாயில் ஒரு வளையம். உள் வளையத்தை அமுக்கி உள்ளே தள்ளிவிட்டால் மற்ற வளையம் வெளியே நின்றுகொள்ளும். பெண்ணுறை என்று பெயர், ஆண்கள் போடும் உறைக்கு ஒன்றுவிட்ட தங்கை. மற்றது ஒரு ரப்பர் கிண்ணம், உள்ளங்கைக்குள் அடங்குவது. அதை மடித்து உள்ளே வைத்தால் கர்ப்பப்பை வாயில் மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். கூடவே தடவிக்கொள்ள ஒரு ட்யூப் ஜெல்.

"எனக்கு எதுக்கு அக்கா இதெல்லாம்? எனக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே?"

இந்தக் கேள்விக்கு அவள் வீட்டிலிருந்தே தயாராக வந்திருக்கிறாள். கண்கூட இமைக்கவில்லை.

"அதனாலதான்டி உன்னைப் பிடிச்சேன். எங்க கிளினிக்ல ஒரு ஆராய்ச்சி நடக்குது. பொம்பளைங்க தாங்களே போட்டுக்கிற மாதிரி ரெண்டு சாமான், இதுல எது சௌகரியம்னு பார்க்கணும். கர்ப்பமாயிடுமோன்னு பயந்துகிட்டிருக்கிறவ எதையும் ஒழுங்கா பார்க்கமாட்டா. உனக்கு அந்தக் கவலை கிடையாது. அதோட உன்னை மாதிரி நோண்டி நோண்டிப் பார்க்கிறவ வேற யாரு இருக்கா, சொல்லு?"

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். என்னை எங்கே தட்டினால் திறப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

"உங்க தம்பி ஒத்துக்கணுமே?"

"அவன்கிட்ட பேசிட்டேன். என் பேச்சைத் தட்டமாட்டான்."

ஆராய்ச்சியில் சேருகிறவர்களுக்கு முதலில் ஒரு டெஸ்ட் என்று சொல்லி, மறுநாளே கிளினிக்குக்கு வரச்சொல்லி அவளே எடுத்தாள். முடிவு வந்த அன்று வீடு தேடி வந்து, "ஒண்ணும் இல்லடி, சுத்தமா இருக்கே" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். கண்கூடக் கலங்கியிருந்தது. என்னடா இது, ஒரு டெஸ்டுக்கு இவ்வளவு பாசமா என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. சிரிக்கவும் செய்தேன்.

வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் லிஃப்ட் மெக்கானிக். புதிதாகக் கட்டிடம் எழும்பும் ஊர்களுக்கெல்லாம் போய், மாதக்கணக்கில் தங்கி லிஃப்ட் பொருத்திவிட்டு வருவார். நாத்தனார் துணிப்பையோடு வந்ததற்குக் கொஞ்சம் முன்னால்தான் அப்படி ஒரு நீண்ட வேலையிலிருந்து திரும்பியிருந்தார். வந்தவர் முதுகு பிடித்துக்கொண்டது என்று கொஞ்ச நாள் ஹாலில் தரையில் படுத்தார். நான் தினமும் தண்ணீர் சுடவைத்துத் துணியில் முக்கி ஒத்தடம் கொடுத்தேன். அவரும் "அப்பாடா, அங்கதான், அங்கதான்" என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

முதுகு சரியானதும் ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. நான் எதையும் ஏனோதானோ என்று செய்கிறவள் இல்லை. ஒரு பையைப் பிரித்துக் குழாயில் மாட்டித் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டேன். ஒரு சொட்டு இல்லை. கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஊசிமுனை ஓட்டைகூட இல்லை. இரண்டும் பாஸ். ஒழுகாத இரண்டில் எது உசத்தி என்றால், எது தொந்தரவில்லாததோ அதுதான். தொழிற்சாலையில் ஒரு புது ரகக் கோட்டு கைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது, இது எந்த மழைக்கு என்பதைத்தான். தூறலில் கடைக்குப் போகிறவள் போடுவதும் புயலில் படகு ஓட்டுகிறவன் போடுவதும் ஒன்றா? ஆனால் அக்கா கையால் வந்த சாமானிடம் போய் யார் அதைக் கேட்பார்கள்?

முதலில் பை. சும்மா சொல்லக்கூடாது, போட்டுக்கொள்வது சுலபம்தான். ஆனால் சத்தம்! அசைந்தால் சரசரவென்றது.

"என்ன இது, யாரோ பக்கத்துல உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிற மாதிரி இருக்கு," என்றார் அவர்.

பக்கத்து அறையில் குழந்தைகள் எழுந்துவிடுவார்களே என்று வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நான் சிரித்த அந்தச் சிரிப்பை அவரிடமிருந்து திருப்பி வாங்க வழியிருந்தால் இன்றைக்கே போய் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

அப்புறம் கிண்ணம். மற்றவர்களுக்கெல்லாம் அதை வைப்பது பெரும்பாடாம். எனக்கு விரல் வேலை பழக்கம், இரண்டாவது தடவையிலேயே சரியாகப் போய் உட்கார்ந்துகொண்டது. சத்தம் கிடையாது, வளையம் வெளியே தெரியாது. அவருக்கு இருப்பதே தெரியவில்லை.

"இது நல்லா இருக்கே. பேசாம இதுக்கே பாஸ் போட்டுடு," என்றார்.

என் அபிப்பிராயமும் அதுதான். நாத்தனார் அடுத்த முறை வந்தபோது டீயைக் கையில் கொடுத்துவிட்டுப் பெருமையாகச் சொன்னேன்.

"கிண்ணம் ஜெயிச்சிடுச்சு அக்கா."

வாய்க்குப் போன டம்ளர் பாதியில் நின்றது. "இல்லடி. நீ பையையே போட்டுக்கோ."

"ஏன்?"

"ஆராய்ச்சிக்கு அதுதான் வேணும்."

"ரெண்டையும் பார்த்து எது நல்லதுன்னு சொல்லச் சொன்னீங்க, சொல்லிட்டேன். இப்ப நீங்களே ஒண்ணைச் சொல்றீங்க. அப்புறம் நடுவுல நான் எதுக்கு?"

"சொன்னா கேளேன் பூதம். அந்தக் கிண்ணத்தைத் தூக்கி எறி."

"காரணம் சொல்லுங்க, எறியறேன்."

அவள் ஹாலைப் பார்த்தாள். அங்கே வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

"காரணமெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் வேலை பார்க்கும் இடத்தில், காரணம் சொல்லாமல் ஒரு சரக்குக்கு பாஸ் போடு என்று ஒருவர் கெஞ்சினால், அந்தச் சரக்குக்காரனிடம் அவர் எதையோ வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம். பை விற்கிறவர்கள் இவளையும் கவனித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் அக்கா இப்படியா என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

"எங்க சூப்பர்வைசரும் இப்படித்தான் அக்கா குழைவார்," என்றேன்.

அவள் முகம் செத்துப்போயிற்று. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். நான் வீம்பாகக் கிண்ணத்தையே வைத்துக்கொண்டேன். மனசாட்சிப்படி நடக்கிறேன் என்று நினைப்பு வேறு.

நடுவில் அவர் இன்னொரு ஊருக்கு வேலைக்குப் போய்த் திரும்பினார். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து எனக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. முதலில் வெள்ளைப்படுதல், நாற்றத்தோடு. அப்புறம் அடிவயிற்றில் முறுக்கிப் பிழிகிற மாதிரி வலி. ஒருநாள் வேலையில் கோட்டைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தபோது அது கைநழுவி விழுந்தது. தொட்டுப் பார்த்த பக்கத்து மேசைக்காரி, "ஐயோ, கொதிக்குதே உடம்பு" என்று என்னை வீட்டுக்குத் துரத்தினாள். நான் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கிளினிக்குக்குப் போனேன். அன்றைக்கு நாத்தனார் விடுப்பு. லேடி டாக்டர் பார்த்தார், டெஸ்டுக்கு எடுத்தார், உடனே ஊசி போட்டு மாத்திரையும் கொடுத்து, முடிவுக்கு மறுபடி வரச் சொன்னார். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

போனேன். டாக்டர் நல்ல மனுஷி, சுற்றி வளைக்கவில்லை.

"இது ஒட்டிக்கிற வியாதிம்மா. உறவு வழியாத்தான் வரும். கர்ப்பக்குழாய் வரைக்கும் ஏறிட்டிருக்கு. நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க. மாத்திரையை நடுவுல விடாம முடிங்க. உங்க வீட்டுக்காரருக்கும் வைத்தியம் பார்த்தே ஆகணும். ரெண்டு பேருக்கும் சரியாகற வரைக்கும் சேரக் கூடாது."

"எனக்கு இது ரொம்ப நாளா இருந்திருக்குமா டாக்டர்?"

"இல்லை. இங்கேயே முன்னாடி ஒரு டெஸ்ட் எடுத்திருக்காங்க, அப்ப சுத்தமா இருந்திருக்கு. இது அதுக்கப்புறம் வந்தது."

எனக்கு எதுவும் சரியாக மண்டையில் ஏறவில்லை. பரிசோதனைக்காரி புத்தி, முதலில் சாமானைப் பற்றித்தான் கேட்கத் தோன்றியது.

"நான் கிண்ணம் வெச்சிருந்தேனே டாக்டர். அதுல ஒரு ஓட்டை கிடையாது. நானே வெளிச்சத்துல பார்த்தேன்."

"ஆபரேஷன் ஆனவங்களுக்குக் கிண்ணம் எதுக்கும்மா?"

"உங்க ஆராய்ச்சிக்குத்தான்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எந்த ஆராய்ச்சி?"

டாக்டர் என் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, இந்த அம்மா ஏதோ குழம்பியிருக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டார் போல. வீட்டுக்காரருக்கும் சேர்த்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, கனிவாகவே சொன்னார்.

"கடைசி ரூம்ல வகுப்பு நடந்துகிட்டிருக்கு. எது எதைத் தடுக்கும்னு தெளிவா சொல்லுவாங்க. பத்து நிமிஷம் உட்கார்ந்து கேட்டுட்டுப் போங்க."

அங்கே வகுப்பு எடுப்பது யார் என்று டாக்டருக்குத் தெரியும். அவள் எனக்கு என்ன உறவு என்பதுதான் தெரியாது.

கடைசி அறையில் பெஞ்சு நிறையப் பெண்கள். நான் பின்வரிசையில், நல்ல ஆகிருதியான ஒரு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். முன்னால் என் நாத்தனார். மேசைமேல் ஸ்பாஞ்சில் செய்த இடுப்புப் பொம்மை, அதன் பக்கத்தில் ஆணுறை, பெண்ணுறை, கிண்ணம், ஜெல் ட்யூப் எல்லாம் வரிசையாக. நல்ல குரலில், சிரித்த முகத்தோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆம்பளை போடறது, நாம போடறது, ரெண்டுமே சீக்கைத் தடுக்கும். ஆனா முதல்லேருந்து கடைசி வரைக்கும் போட்டிருக்கணும். ஒவ்வொரு தடவையும் புதுசு. கழுவிக் காயப்போடற வேலையெல்லாம் வேணாம்."

"ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு போட்டுக்கிட்டா இன்னும் கெட்டியா இருக்குமா சிஸ்டர்?" என்று ஒருத்தி கேட்டாள். அறையே சிரித்தது.

"கூடாது. ஒண்ணோட ஒண்ணு உரசிக் கிழிஞ்சிடும். ஏதாவது ஒண்ணுதான். அவர் போடமாட்டேன்னு முறுக்கிக்கிட்டா நீங்க போட்டுக்கோங்க. இதுக்கு அவர் தயவு வேண்டியதில்ல."

"அந்தக் கிண்ணம்?"

அவள் கிண்ணத்தை எடுத்து உயர்த்திக் காட்டினாள். என் வீட்டு அலமாரியில் இருக்கும் அதே கிண்ணம்.

"இது குழந்தையைத் தடுக்கும். சீக்குக்கு இதை நம்பாதீங்க. குடை பிடிச்சா தலை நனையாது, உடம்பு நனையும் இல்லையா? கோட்டு போட்டாத்தான் உடம்பு தப்பிக்கும். இந்தக் கிண்ணம் குடை மாதிரி. கர்ப்பப்பை வாயை மட்டும்தான் மூடும், சுத்தி இருக்கிற சுவரெல்லாம் திறந்து கிடக்கும். ஜெல்லும் அப்படித்தான். சீக்கைத் தடுக்காது. அடிக்கடி போட்டா உள்ளே எரிச்சலாகி, சீக்கு ஒட்டறதுக்கு வழி பண்ணிக் குடுத்துடும்."

குடையும் கோட்டும் என்னுடையவை. ஒரு மழைநாளில் என் தொழிற்சாலையைப் பற்றி நான் அவளிடம் பீற்றிக்கொண்டபோது, குடை தலையைத்தான் காப்பாற்றும், கோட்டுதான் ஆளைக் காப்பாற்றும் என்று சொன்னது நான். அதை எடுத்துக்கொண்டுபோய், முன்பின் தெரியாத பெண்களுக்கெல்லாம் எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஜெல்லைப் பற்றியும் சொல்கிறாள். இவ்வளவும் தெரிந்தவள், என் மேடையில் கிண்ணத்தையும் ஜெல்லையும் வைத்து எது சௌகரியம் என்று பார் என்றாள்.

நான் கையைத் தூக்கினேன். முன்னாலிருந்த அம்மா நகர்ந்துகொண்டார். நாத்தனார் என்னைப் பார்த்தாள்.

"சிஸ்டர், எனக்கு ஒரு சந்தேகம்," என்றேன். "ஒரு பொம்பளைக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆயிடுச்சு. புருஷன் வெளியூர் போயிட்டு போயிட்டு வர்றான். அவளுக்கு இதுல எதைக் குடுப்பீங்க?"

"பெண்ணுறை," என்றாள், எனக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும்.

"ஏன்னு கேட்டா என்ன சொல்லிக் குடுப்பீங்க?"

அவள் கிண்ணத்தை வரிசையில் திருப்பி வைத்தாள். விஷயம் தெரியாத முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "உள்ளதைச் சொல்லித்தான் குடுக்கணும், இல்லேன்னா இந்தப் பிளாஸ்டிக்கை எவ போட்டுப்பா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் அவள் என் கையைப் பிடித்து மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் சின்ன அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள். முன்பு நான் ஜன்னலைச் சாத்துவேன், இப்போது அவள் கதவைச் சாத்துகிறாள்.

"எப்பலேருந்து உனக்குத் தெரியும்?" என்றேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அவளை நீ என்று கேட்டேன். அவள் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"மாசக்கணக்குல தங்கிட்டு வந்தானே, அப்ப உன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி என் வீட்டுக்குத்தான் வந்தான். எரியுது, சீழ் வருதுன்னு சொல்லிக் குழந்தை மாதிரி அழுதான். நான்தான் மாத்திரை வாங்கிக் குடுத்தேன். சரியாகற வரைக்கும் அவளைத் தொடாதேன்னு சொன்னேன்."

"அதான் முதுகு வலியா?"

தலையைக் குனிந்துகொண்டாள். நான் சுடவைத்த தண்ணீரெல்லாம் என் கண்முன்னால் வந்து நின்றது.

"இனிமே அந்த மாதிரி இடத்துக்குப் போகமாட்டேன்னு சத்தியம் பண்ணான். எனக்கு நம்பிக்கை இல்ல. அதான் உனக்குப் பையைக் கொண்டு வந்தேன். உன்னைக் காப்பாத்தத்தான்டி."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"வர்றவங்க விஷயத்தை வெளியே சொல்லக் கூடாதுன்னு எங்களுக்கு விதி இருக்கு."

"அவர் இங்கே வந்தாரா, உன் வீட்டுக்கு வந்தாரா?"

அவள் ஒரு மருந்துப் பெட்டியின் மூலையை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தாள். "வீட்டுக்கு."

"அப்ப விதியை இழுக்காதே. நர்ஸா மறைக்கல நீ, அக்காவா மறைச்சிருக்கே. அவருக்கு அக்காவா."

"சொன்னா நீ அவனை விட்டுட்டுப் போயிடுவே. உன் குணம் எனக்குத் தெரியாதா?"

"போறதா இருக்கறதான்னு நான்ல முடிவு பண்ணணும்? என் உடம்பு, என் வாழ்க்கை. அதுக்கும் சேர்த்து நீயே பாஸ் போட்டுட்டியா?"

அவள் அழுதாள். அழுதுகொண்டே சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது. "ஒண்ணை மட்டும் குடுத்தா ஏன்னு கேட்பே. ரெண்டைக் குடுத்தா எதுன்னு மட்டும்தான் கேட்பே. அதான் கிண்ணத்தையும் சேர்த்துக் கொண்டு வந்தேன். அதை வைக்கத் தெரியாம எல்லாரும் திணறுவாங்க, நீயும் பையைத்தான் எடுப்பேன்னு நினைச்சேன்."

என்னை எவ்வளவு அழகாகப் படித்து வைத்திருக்கிறாள் பாருங்கள். என் வேலையில் எனக்கிருக்கும் கர்வத்தை எடுத்தே எனக்குப் பொறி வைத்திருக்கிறாள். அதிலும் சரியாக வைக்கத் தெரியவில்லை.

"நான் பிடிவாதம் பண்ணப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"அவன் ஹால்ல இருந்தானேடி. அவனுக்கும் தெரியுமே, அவனாவது கிண்ணத்துக்கு ஒத்துக்கமாட்டான்னு நினைச்சேன்."

"அவருக்கு என்ன தெரியும்?"

அவள் கண்ணைத் துடைப்பதை நிறுத்தினாள். சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"ஆராய்ச்சின்னு நான் சொன்னது பொய்னு. பை இல்லாம அவகிட்டப் போகாதேன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன் அவன்கிட்ட."

நான் அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். பிஸ்கட் பாக்கெட் என்று சொல்லி என்னோடு சேர்ந்து சிரித்தாரே, அப்போது அவருக்குத் தெரியும். டிவி சத்தத்தைக் கூட்டினாரே, அப்போதும் தெரியும். பை எதற்கு என்று தெரிந்துதான், பேசாம இதுக்கே பாஸ் போட்டுடு என்றார். நாத்தனாரின் பொய்யாவது என்னைச் சுற்றி ஒரு வேலி கட்டப் பார்த்தது. அவர் அந்த வேலியைப் பிரித்து, என் கையாலேயே எடுத்து ஓரமாக வைக்கச் சொன்னார். எந்தத் துரோகம் பெரியது என்று அந்த அறையிலேயே ஒப்பிட்டுப் பார்த்தேன். என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஒன்றைத் தூக்கினால் மற்றது கனத்தது.

சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்து சட்டையை மாற்றிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தார். குழந்தைகள் கீழே விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் மாத்திரை அட்டையை அவர் முன்னால் வைத்தேன்.

"இது உங்களுக்கு. டாக்டர் குடுத்தாங்க."

அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ன ஆயிற்று உனக்கு என்று கேட்பார் என்று நினைத்தேன். வெட்கம்கெட்ட மனசு, அப்போதும் அதைத்தான் எதிர்பார்த்தது.

"அக்கா சொல்லிட்டாளா?" என்றார்.

"எனக்கு உள்ளே குழாய் வரைக்கும் ஏறிடுச்சாம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பை எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் எதுக்குக் கிண்ணத்துக்குப் பாஸ் போடச் சொன்னீங்க?"

"சத்தம் போடுதுன்னு நீதானே சொன்னே?"

எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கு ஓர் ஆள் எதிரே இருக்க வேண்டும்.

"எல்லாத்தையும் தான் பார்த்துக்கறேன்னு அக்கா சொன்னா," என்றார் மறுபடி. "நான் என்னத்தைக் கண்டேன்?"

"சரி. அக்காவே பார்த்துக்கட்டும்."

அவர் வெளியூர் போகும்போது துணி வைத்து எடுத்துப்போகிற பையை நான்தான் எப்போதும் அடுக்குவேன். அன்றைக்கும் நானே அடுக்கினேன். சட்டைகள், சவரச் சாமான், மேலே மாத்திரை அட்டை. ஸ்பானர் பையையும் எடுத்து வாசலில் வைத்தேன். கத்துவார், எதையாவது தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமில்லை. பையை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே நடந்து வந்தார். அக்கா வீட்டுக்குப் போவதில் அவருக்கு என்ன கஷ்டம்?

அவள் வீடு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில். கதவைத் திறந்தவள் எங்கள் இரண்டு பேரையும் பைகளையும் பார்த்து ஒதுங்கி வழிவிட்டாள். அவர் உள்ளே போனார். நான் போகவில்லை.

"உள்ளே வா பூதம். உட்கார்ந்து பேசலாம்."

"அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாதே."

அவள் வாசற்படியைத் தாண்டி வந்து என் தோளைத் தொடப்போனாள். நான் பின்னால் நகர்ந்தேன்.

"சத்தியமா சொல்றேன், நான் உன்னைக் காப்பாத்தத்தான்டி பார்த்தேன்."

"காப்பாத்தத்தான் செஞ்சே," என்றேன். "யாரைன்னு திரும்பிப் பாரு."

அவள் திரும்பினாள். அவர் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டிச் சோபாவில் உட்கார்ந்து, மெத்தைகளுக்கு நடுவே கையை விட்டு டிவி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் படியிறங்கினேன். அடிவயிறு இன்னும் இழுத்துப் பிடித்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெதுவாகத்தான் இறங்க முடிந்தது.